அம்மாவுக்கு இல்லாத பித்தப்பை ரிப்போர்ட்டில் நலமாக இருக்கிறது

வயிற்று வலிக்காக வீட்டில் யாரையாவது ஸ்கேனுக்கு அழைத்துப் போகப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. லேப்ராஸ்கோப்பி, வயிற்றில் நாலு சின்னத் தழும்பு. போன மாதம் வலது விலாவுக்குக் கீழே விட்டுவிட்டு வலித்தது, சிறுநீரும் அடர் நிறத்தில் போனது. ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (பித்தத்தில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள்) கூடியிருந்ததைப் பார்த்த எங்கள் மருத்துவர், "பித்தக்குழாயில் கல் இருக்கலாம், வயிறு முழுக்க ஒரு அல்ட்ராசவுண்ட் பாத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பையையே எடுத்தாயிற்று, இனி ஏது கல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். குழாயில் தங்கிப்போன கல்லோ, பிறகு புதிதாக உருவாகும் கல்லோ வருடங்கள் கழித்தும் வந்து படுத்தும்.

நேரம் கேட்டு கிளினிக்குக்கு போன் செய்தபோது வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். வரவேற்பில் அதைச் சொன்னேன். "பரவாயில்ல, வாங்க" என்றார்கள். வயிற்று ஸ்கேனுக்கு வழக்கமாக 6 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். சாப்பிட்டால் குடலில் வாயு சேரும், காற்றைத் தாண்டி ஒலி அலை போகாது, பின்னால் இருப்பது தெரியாது. தோலில் ஜெல் தடவுவதும் இடையில் காற்று இருக்கக்கூடாது என்பதற்காகத்தான். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது.

உள்ளே இருந்தவர் தான் யார் என்று சொல்லவில்லை. மருத்துவரின் சீட்டு வரவேற்பு மேசையிலேயே தங்கிவிட்டது. "ஆபரேஷன் எதாவது பண்ணியிருக்கீங்களா?" என்ற ஒரு கேள்வி கிடையாது. அந்த நாலு தழும்பின் மேலேயே கருவியை ஓட்டினார். "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா, விடுங்க" என்று இரண்டு முறை சொன்னார். பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான், ஜெல்லைத் துடைக்கக் காகிதம் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பித்தப்பை இயல்பாக விரிந்துள்ளது, சுவர் தடிப்பு இல்லை, கற்கள் இல்லை.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எனக்குத் திரும்ப முளைச்சிடுச்சா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு இரண்டு வரி கீழே இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பொதுப் பித்தக்குழாய் 5 மிமீ, இயல்பு. நாங்கள் போனதே அந்தக் குழாயைப் பார்க்கத்தான். பித்தப்பை வரி பொய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஆபரேஷன் அன்று வாசலில் உட்கார்ந்திருந்தவன் நான். குழாய் வரியை நான் எதை வைத்துச் சரிபார்ப்பது?

எல்லா உறுப்பும் இயல்பு என்று எழுதிய அச்சு ஒன்று கணினியில் தயாராக இருக்கும். மாறுபாடு இருக்கும் வரியை மட்டும் திருத்துவார்கள். நல்ல இடங்களிலும் அதுதான் பழக்கம், அதில் தவறில்லை. ஆனால் திருத்த வேண்டுமே!

மறுநாள் போய்க் கேட்டேன். "டைப்பிங் மிஸ்டேக் சார்." டாக்டரைப் பார்க்கணும் என்றேன். இன்று வரமாட்டாராம். பத்து நிமிடத்தில் புது ரிப்போர்ட் வந்தது, வராத டாக்டரின் கையெழுத்தோடு. பித்தப்பை அறுவையில் நீக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி மாறியிருந்தது. 5 மிமீ அப்படியே இருந்தது. அம்மாவை மறுபடி யாரும் பார்க்கவில்லை, அவர் வீட்டில் இருந்தார்.

ஸ்கேன் படங்களைக் கேட்டு வாங்கினேன். நாலே நாலு. ஒவ்வொன்றின் மேலேயும் நேரம் அச்சாகியிருக்கும். முதல் படம் 10:42, கடைசிப் படம் 10:45. முழு வயிற்றையும் பொறுமையாகப் பார்க்க 15 முதல் 30 நிமிடம் ஆகும் என்பார்கள். எதையாவது அளந்தால் படத்தில் இரண்டு முனையிலும் சின்னக் குறி விழும், பக்கத்தில் எண் வரும். குழாயை அளந்த படம் அதில் ஒன்றுகூட இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். எக்ஸ்ரே படத்தை வேறு ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம். அல்ட்ராசவுண்டில் அது பெரிதாக உதவாது. கருவியைப் பிடித்தவர் பார்க்காமல் விட்ட இடம் படத்திலும் இருக்காது. எங்கள் மருத்துவர் கிளினிக் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பினார். நடுவில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ யாருக்கும் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அந்த இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை.

இரண்டாவது இடத்தில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். கருவியை எடுப்பதற்கு முன்பே அறுவை பற்றிக் கேட்டார்கள். இடது பக்கம் ஒருக்களிக்க வைத்தும் பார்த்தார்கள். குழாய் 11 மிமீ. பித்தப்பை எடுத்தவர்களுக்குக் குழாய் கொஞ்சம் அகலமாக இருப்பது உண்டு, ஆனால் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்தால் விடக்கூடாது என்றார் அந்த மருத்துவர். குழாயின் கீழ்ப்பகுதி வாயுவால் தெளிவாகத் தெரியவில்லை என்றும் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு மற்ற வரிகள் மேல் நம்பிக்கை வந்தது. அடுத்து எம்ஆர்சிபி (பித்தக்குழாயைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுத்ததில் கல் தெரிந்தது, எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்துவிட்டார்கள். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

குழாய்க் கல் அல்ட்ராசவுண்டில் தப்பிப்போவது சகஜம். அதற்காக முதல் கிளினிக்கை நான் திட்டவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதுதான் என் கோபம்.

நீங்கள் போனால் அறுவை பற்றிக் கருவி பிடிப்பவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள், சீட்டை நம்பாதீர்கள். ரிப்போர்ட்டில் பெயர், வயதுக்கு அடுத்தபடியாக, எடுத்துவிட்ட உறுப்பு எதுவும் திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பப்பை, சிறுநீரகம் எல்லாம்கூட இப்படித் திரும்பி வரலாம். தவறு கண்டால் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், திருத்திய காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முக்கியமாக, பழைய ரிப்போர்ட்டைக் கையை விட்டு விடாதீர்கள். புதியதைக் கொடுக்கும் முன் "பழசக் குடுத்துடுங்க சார்" என்று என்னிடம் வாங்கிக்கொண்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் படத்தோடு எழுத்தில் புகார் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த ஸ்கேன் இலவசம் என்று பதில் வந்திருக்கிறது.