கார் ஏசிக்கு ஊரில் பார்ட்ஸ் வாங்குவது: சென்னை ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்

விடுமுறைக்கு ஊர் வருபவர்கள் எடுத்து ஓட்டும் வீட்டுக் கார் பெரும்பாலும் மாதக்கணக்கில் நின்ற கார். அதில் ஏசி குளிராமல் போவதற்கு, ஓடித் தேய்ந்ததைவிட ஓடாமல் கிடந்ததே அடிக்கடி காரணமாகிறது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் எண்ணெய் கேஸோடு கலந்து சுற்றிவந்தால்தான், அதன் தண்டைச் சுற்றியுள்ள ஷாஃப்ட் சீல் ஈரமாக இருக்கும். வண்டி நின்றால் சீல் காய்ந்து கேஸ் கசியும். எலி வேறு: புளோயருக்குள் கூடு கட்டும், முன்பக்கத்தில் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் ஃபேன் வயரைக் கடித்துவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இரண்டு பதில்கள்தான் அதிகம் கேட்கும். ஒன்று, "கேஸ் இல்ல சார், அடிச்சிடலாம்." இன்னொன்று, "கம்ப்ரசர் போச்சு, செட்டோட மாத்திடுங்க." லீவில் வந்தவருக்கு நேரமில்லை என்பது அப்படிச் சொல்பவருக்கும் தெரியும். பார்ட்ஸ் விலை விசாரிப்பதற்கு முன் எந்த பார்ட் போயிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டால்தான் பணம் மிஞ்சும். தள்ளுபடி கேட்டு மிச்சம் பிடிப்பதைவிட, தேவையில்லாத கம்ப்ரசரை வாங்காமல் மிச்சம் பிடிப்பது பல மடங்கு.

ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் சூடாகிறதா? முதலில் கண்டென்சர் ஃபேனையும் அதன் ரிலேயையும் பாருங்கள். புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறதா? ரெசிஸ்டர் எரிந்திருக்கும், சில நூறு ரூபாய்ச் சாமான். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரை உருவிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஏசியை அணைத்து, கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்காமல் இருக்கும்போதும் கரகரவென்று சத்தம் வந்தால் புல்லி பேரிங் மட்டும் போயிருக்கலாம். பேரிங், கிளட்ச் காயில், புல்லி ஆகியவை தனித்தனியாகக் கிடைக்கின்றன. புது மாடல்களில் பலவற்றில் கிளட்ச்சே இல்லாத கம்ப்ரசர் இருக்கும். அதில் கண்ட்ரோல் வால்வு மட்டும் பழுதானாலும் ஏசி குளிராது. அந்த வால்வையும் தனியாக வாங்கலாம், ஆனால் இதை ஒர்க்‌ஷாப்பில் தானாக முன்வந்து சொல்பவர்கள் குறைவு.

இவை எல்லாம் சரி என்றால் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ கேஸில் ஓடும் நல்ல ஏசியில், லோ பக்கம் (கம்ப்ரசருக்குள் கேஸ் நுழையும் பக்கம்) ஏறக்குறைய 30–45 பிஎஸ்ஐ, ஹை பக்கம் (வெளியேறும் பக்கம்) 200–250 பிஎஸ்ஐ காட்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் ஃபேன் ஓடவில்லை, கண்டென்சர் அடைத்திருக்கிறது, அல்லது முன்பு யாரோ அதிகமாக அடித்திருக்கிறார்கள். லோ பக்கம் ஏறி ஹை பக்கம் இறங்கியிருந்தால்தான் கம்ப்ரசர் மேல் சந்தேகம் வர வேண்டும். லோ பக்கம் வேக்கத்துக்கு, அதாவது வெற்றிடத்துக்குப் போனால், கேஸை விரியவிட்டுக் குளிராக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு.

கேஸ் குறைவு என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் கேஸ் அடித்தால் அடுத்த லீவில் அதே கதைதான். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து மூட்டு மூட்டாகப் பார்க்க வேண்டும். சுமார் 150 பிஎஸ்ஐ போதும். முன்பக்கம் கல்லடி படும் கண்டென்சர், ஓஸ் முனைகள், சர்வீஸ் போர்ட் வால்வு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலுக்குப் போக வேண்டும். கடற்கரை ஊர்களில் ஈரமும் தூசியும் சேர்ந்து கூலிங் காயிலை அரிப்பது உண்மைதான். ஆனால் டேஷ்போர்டு கழற்றும் கூலி பெரியது. கழற்றி மாட்டிய வண்டி சிலசமயம் கிரீச் கிரீச்சென்று சத்தமும் போடும். கசிவை ஆதாரத்தோடு காட்டாமல் டேஷ்போர்டில் கை வைக்க விடாதீர்கள்.

எது வேண்டும் என்று தெரிந்தபின் கடைக்குக் கிளம்பலாம். சென்னையில் புது பார்ட்ஸுக்கு அண்ணா சாலையில் இருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அதாவது ஜி.பி. ரோடு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பயனில்லை, பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். போகும்போது ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரும், பழைய பார்ட்டின் லேபிளைத் தெளிவாக எடுத்த போட்டோவும் கையில் இருக்கட்டும். மாடலும் வருடமும் மட்டும் சொன்னால் போதாது. ஒரே வருடத்து வண்டியில் பெட்ரோலுக்கு ஒரு கம்ப்ரசர், டீசலுக்கு வேறு. புல்லியின் பள்ளங்களின் எண்ணிக்கைகூட மாறும்.

ஒரே பார்ட் மூன்று பெட்டிகளில் விற்கும். கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டி ஒன்று: மாருதிக்கு எம்ஜிபி, ஹூண்டாய்க்கு மோபிஸ். அதைச் செய்து கொடுத்த கம்பெனியின் சொந்தப் பெட்டி இரண்டாவது: மாருதி வண்டிகளில் பெரும்பாலும் சுப்ரோஸ், மற்றவற்றில் டென்சோ, ஹானன், சாண்டன், வேலியோ என்று இருக்கும். மூன்றாவது, பெயரறியாத இறக்குமதி. பழைய கம்ப்ரசரின் உடம்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே கம்பெனியின் சொந்தப் பெட்டியைத் தேடுவதே எங்கள் பரிந்துரை. சரக்கு அதேதான், விலை பெரும்பாலும் குறைவு. மூன்றாம் வகையில் கண்டென்சர் வாங்கினால் பிராக்கெட் துளை ஒட்டாமல் வளைத்து மாட்டுவார்கள். பிறகு மூட்டில் கசியும்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. பழைய விலை அச்சிட்ட பெட்டி இன்னும் கடையில் கிடந்தால், 12,800 என்று போட்டிருப்பது புது வரியில் 11,800 ஆக வேண்டும். தள்ளுபடி பேச்சை அந்த விலையிலிருந்து ஆரம்பியுங்கள். எம்ஆர்பியில் வரி அடங்கியிருக்கிறது. "பில் போட்டா வரி தனி" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

புதுப்பேட்டை பழைய பார்ட்ஸுக்குப் பேர்போன இடம். புளோயர் மோட்டார், ஃபேன் அசெம்பிளி, ஏசி கண்ட்ரோல் பேனல், பிராக்கெட், டேஷ்போர்டு கிளிப் ஆகியவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம், 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தே எடுத்துவரலாம். கம்ப்ரசரை அங்கே வாங்க வேண்டாம். வாய் திறந்து கிடந்த கம்ப்ரசருக்குள் ஈரம் போயிருக்கும், கம்ப்ரசருக்கு விடும் பிஏஜி எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். கண்டென்சர், கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் இரண்டையும் பழையதாக வாங்கவே கூடாது.

ட்ரையரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்ப்ரசர் வாரண்டி நிராகரிக்கப்படும் இடம் பெரும்பாலும் இதுதான். சிஸ்டத்தைத் திறந்தால் ட்ரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாகத்தான் போக வேண்டும். பல புது வண்டிகளில் ட்ரையர் கண்டென்சரின் பக்கவாட்டுக் குழாயிலேயே இருக்கும். கம்ப்ரசர் உள்ளே அரைத்துக்கொண்டு இரும்புத்தூள் கிளம்பியிருந்தால் கண்டென்சரும் மாற்றத்தான் வேண்டும். இப்போதைய கண்டென்சரின் நுண்துளைகளை ஃப்ளஷ் செய்து சுத்தமாக்க முடியாது. இந்த ஒரு நிலையில் மட்டும் "செட்டோட மாத்துங்க" என்பது நியாயமான பேச்சு.

எண்ணெய் அளவில்தான் அதிகத் தவறு நடக்கிறது. புதுக் கம்ப்ரசர் பலவும் முழு சிஸ்டத்துக்கான எண்ணெயோடு வரும். பழையதில் வடிந்ததை அளந்து, புதியதில் அந்த அளவு மட்டும் இருக்கும்படி மிச்சத்தை வடித்துவிட வேண்டும். கண்டென்சர் மட்டும் மாற்றினால் சுமார் 30 மில்லி, கூலிங் காயிலுக்கு 40–50 மில்லி சேர்ப்பது வழக்கம். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசருக்கு சாதாரண பிஏஜி எண்ணெய் ஆகாது. அதற்கென்று உள்ள மின்காப்பு எண்ணெய்தான்.

பிறகு குறைந்தது 30 நிமிடம் வேக்கம், அணைத்தபின் கேஜ் முள் நகராமல் நிற்க வேண்டும். கேஸை எடைபோட்டு ஏற்றும் கடையைத் தேடுங்கள். சிறிய கார்களுக்கு 350 முதல் 500 கிராம் வரைதான். சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் வேறு கேஸ் வந்துவிட்டது, அங்கிருந்து வருபவர்கள் ஸ்டிக்கரைப் பார்த்தே கேளுங்கள். இங்கே ஓடும் பெரும்பாலான வண்டிகள் இன்னும் ஆர்-134ஏதான். மலிவு டப்பாவில் வேறு கேஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு, எரியும் வாயு கூட. கசிவடைக்கும் திரவம் கலந்த டப்பாவும் வேண்டாம், வால்வை அடைக்கும். நல்ல கேஸை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களுக்கு: அழுத்த சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

பில்லில் பார்ட் நம்பரும், ட்ரையர் மாற்றியதும், கேஸ் எத்தனை கிராம் என்பதும் எழுதி வாங்குங்கள். பில்லை ஊரில் இருக்கும் அப்பா, தம்பி யாராவது ஒருவர் பெயரில் போடச் சொல்லுங்கள். வாரண்டிக்குக் கடையேறிப் போகப்போவது அவர்கள்தான்.