டோல்கேட்டில் வைத்து நாய்க்குட்டி கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்

நேற்று ஒரு வாட்ஸப் குரூப்பில் அதே படம் மறுபடி வந்திருந்தது. புல்தரையில் தாய் லேப்ரடார், சுற்றி ஆறு குட்டிகள், ஓரத்தில் ஒரு நீல பேசின். விலையில் மட்டும் 2,000 குறைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மாசியில் அந்தப் படத்தை நம்பி 16,000 ரூபாய் கொடுத்தவன் நான். எங்களுக்குக் காவேரிப்பட்டினம். “வீட்டுக்கு வந்து தாய் நாயைப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். “எதுக்கு சார் அலைச்சல், கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்கே கொண்டு வந்துடறேன்” என்றார். அலைச்சல் மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பைக்கில் வந்தவர் பிஸ்கட் அட்டைப்பெட்டியிலிருந்து குட்டியை எடுத்து நீட்டினார். “60 நாள் ஆச்சு, ஊசி போட்டாச்சு.” ஒரு தடுப்பூசி அட்டையும் தந்தார். கேசிஐ பேப்பர், அதாவது இந்திய கென்னல் கிளப்பின் வம்சாவளிச் சான்று, கூரியரில் வருமாம், அதற்குத் தனியாக 4,000. ஜிபேயில் பணம் போனது. எல்லாம் ஐந்து நிமிடம்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, “ஸ்டிக்கர் எங்கே?” என்றார். ஊசி போட்டால் மருந்து பாட்டிலில் இருக்கும் ஸ்டிக்கரை பேட்ச் எண்ணோடு அட்டையில் ஒட்டி, டாக்டர் கையெழுத்துப் போடுவாராம். எங்கள் அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் எழுதிய ஒரு தேதி மட்டும். அப்புறம் கட்டைவிரலால் குட்டியின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்னால் அரிசி மாதிரி பற்கள். பின்னால் இப்போதுதான் ஈறு பிளந்து வெள்ளை எட்டிப் பார்க்கிறது. “60 நாளா? அஞ்சு வாரம் தாண்டியிருக்காதுங்க.” எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2017லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான்காம் நாள் வாந்தி. இரவில் ரத்தமாகப் பேதி. பார்வோ என்கிற வைரஸ் நோய். கிருமி உள்ளே போன பிறகு வெளியே தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகுமாம். வரும்போதே கொண்டு வந்திருக்கும் என்றார் டாக்டர். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, டிரிப்ஸ் போட்டுத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான். மூன்று நாள் போட்டோம். மூன்றாம் நாள் மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் போய்விட்டது.

விற்றவரைக் கூப்பிட்டால், “நீங்க மாட்டுப்பால் கொடுத்திருப்பீங்க சார்” என்கிறார். பிறகு, “பாதி விலைக்கு இன்னொன்னு தரேன்.” பார்வோ கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் போட்டுக் கழுவ வேண்டும், ஊசி முடியாத குட்டியை அங்கே கொண்டுவரவே கூடாது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்? அடுத்த நாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில் இல்லை, விலாசம் இல்லை, யார் மேல் புகார் கொடுப்பது?

அவர் கதை அவ்வளவுதான். என் பக்கமும் ஒன்று உண்டு. “பகல்ல வீட்ல யாருங்க இருப்பாங்க?” என்று முதல் நாளே டாக்டர் கேட்டார். நான் இழுத்தேன். நானும் மனைவியும் எட்டரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவோம். அந்த வயதுக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை தீனி. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். இருப்பது மாடியில் வாடகை வீடு. லேப் 30 கிலோவுக்கு மேலும் வளரும். வீட்டுக்காரரிடம் ‘சின்ன நாய்’ என்று சொல்லி வைத்திருந்தேன். ஆணா பெண்ணா, என்ன கலர் என்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை.

போன வாரம் ராயக்கோட்டைப் பக்கம் ஒருவரிடம் விசாரித்தேன். தாயைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். எட்டு வாரம் முடியாமல் தர மாட்டாராம். குட்டியின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் எண் பேப்பரில் இருக்கும், உங்கள் டாக்டரிடமே ஸ்கேன் பண்ணிப் பாருங்கள் என்றார். அப்புறம் அவர் கேட்க ஆரம்பித்தார். சொந்த வீடா? பகலில் யார்? ஊருக்குப் போனால் எங்கே விடுவீர்கள்? உள்ளதைச் சொன்னேன்.

“சரிங்க, வீடு மாறினதும் கூப்பிடுங்க” என்று வைத்துவிட்டார். மகள் என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது.