ரேடியேட்டருக்கு 10, 15, 22 மி.மீ. செப்புக் குழாய்: எது தேறும்?

பிரிட்டன் வீடுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சூடான நீரைக் கொண்டுபோகும் குழாய்களில் பரவலான மூன்று அளவுகள் இவை. கணக்கு எளிது: நொடிக்கு எத்தனை லிட்டர் × 4.2 × போகும், திரும்பும் நீரின் வெப்ப வித்தியாசம் = கிலோவாட். வித்தியாசம் 20 டிகிரி, வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்தால் 10 மி.மீ. சுமார் 2.5 கிலோவாட், 15 மி.மீ. 6, 22 மி.மீ. 13 கிலோவாட் சுமக்கும். நீரைச் சூடாக்கும் பாய்லரிலிருந்து 22-இல் பிரதானக் குழாய், ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் 15-இல் கிளை: பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும், நம்பி வாங்கலாம்.

10 மி.மீ.யைப் பரிந்துரைக்க மனமில்லை. வளைப்பது சுலபம், சுவருக்குள் மறைப்பதும் சுலபம். ஆனால் உள்விட்டம் 8.8 மி.மீ.தான், ரேடியேட்டர் எஃகு அரித்து வரும் கறுப்புச் சேறு முதலில் அடைப்பது இதைத்தான். ஏற்கெனவே பதித்திருந்தால் காந்த வடிகட்டியும் அரிப்புத் தடுப்பு மருந்தும் கட்டாயம்.

பிளாஸ்டிக் குழாய் வாங்குவோர் கவனிக்க: 15 என்பது வெளிவிட்டம். செப்பில் உள்ளே 13.6 மி.மீ., பிளாஸ்டிக்கில் 12-க்கும் குறைவு. இணைப்பில் செருகும் உள்வளையம் இன்னும் குறுக்கும். காற்றின் ஆக்சிஜன் குழாய்ச் சுவர் வழியே நீரில் கலக்காமல் தடுக்கும் அடுக்கு இல்லாததைத் தொடவே வேண்டாம்.

பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் கருவி) வரப்போகிறதா? அதில் வித்தியாசம் 5 டிகிரிதான். அதே 15 மி.மீ. ஒன்றரை கிலோவாட்டோடு நின்றுவிடும். பிரதானக் குழாய்க்கு 28 மி.மீ. போடுங்கள்.