ஸ்பிரிங், கேஸ் ஸ்பிரிங், எதிரெடை: மருத்துவக் கருவிகளைத் தாங்கும் கைகள் குறித்த ஓர் ஒப்பீடு

பழைய கிணற்றடிகளில் துலா இறைத்தவர்களுக்கு இந்தத் தாங்குகைகளின் தத்துவத்தை விளக்கத் தேவையில்லை. ஒரு முனையில் வாளி, மறுமுனையில் கட்டிய கல். நிறைந்த வாளியின் பாரத்தில் பெரும்பகுதியைக் கல்லே ஏற்றுக்கொள்ளும். அறுவை அரங்கின் நுண்ணோக்கியையும், பல் மருத்துவரின் விளக்கையும், ஸ்கேன் மானிட்டரையும் விட்ட இடத்தில் நிற்கச் செய்யும் தாங்குகைகள் இதே வேலையை மூன்று வழிகளில் செய்கின்றன.

எதிரெடை வைத்த கை நேரடியாகத் துலாவின் வழி வந்தது. அதன் பெருமை, கையை எந்தக் கோணத்தில் வைத்தாலும், வெயிலிலும் குளிரிலும், சமநிலை மாறாதிருப்பது. விலையாக அது கேட்பது எடை. கை திரும்பும் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் 10 கிலோ கருவியை அரை மீட்டரில் சமன்செய்ய 20 கிலோ வேண்டும். அச்சின் மீது 30 கிலோ இறங்குவதோடு, கையை அசைக்கவும் நிறுத்தவும் ஒன்றரை மடங்கு முயற்சி தேவைப்படுகிறது. நகர்த்தியபின் நீண்ட நேரம் அசையாமல் நிற்க வேண்டிய அறுவை நுண்ணோக்கிக்கு இந்த மந்தம் நன்மையே. ஆனால் மச்சு வீடுகளைக் கிளினிக்காக மாற்றிய கும்பகோணத்துப் பழைய தெருக்களில், மர உத்தரமும் செங்கல்லும் தாங்கும் கூரையில் இதைத் தொங்கவிடுவதை எண்ணிப்பார்க்கவும் கூடாது.

ஸ்பிரிங் கை, இங்கிலாந்தின் வாகனப் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் 1932-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மேசை விளக்கின் வழி வந்தது. கை படுக்கைவாட்டில் நீளும்போது பாரத்தின் திருகுவிசை, அதாவது கையைக் கீழ்நோக்கித் திருப்பப் பார்க்கும் விசை, மிகும், நிமிரும்போது குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஸ்பிரிங்கின் இழுப்பும் கூடிக் குறையும்படி அதன் முனைகளைப் பொருத்துவதில்தான் திறமை இருக்கிறது. கூடுதல் எடை ஏதும் சேர்வதில்லை, அளவுதிருத்தம் ஒரு திருகில் முடிந்துவிடுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுத் துருவை மட்டும் கவனிக்க வேண்டும்.

கேஸ் ஸ்பிரிங் என்பது கார் டிக்கியைத் தூக்கி நிறுத்தும் அதே நைட்ரஜன் உருளை. அசைவு மிக மென்மையானது, தோற்றமும் நேர்த்தியானது. விற்பனையாளர் காட்டும்போது மனம் அதிலேயே நிற்கும். என் தயக்கம் வெப்பத்தைப் பற்றியது. அடைபட்ட வாயுவின் அழுத்தம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம் மாறுகிறது. கத்திரி வெயிலில் ஏ.சி. நின்று அறை 22-இலிருந்து 37 டிகிரிக்கு ஏறினால், விசை ஏறக்குறைய 5 சதவீதம் கூடி, குளிரில் சரிபார்த்த மானிட்டர் மெல்ல மேலேறப் பார்க்கும். மூட்டுகளின் உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கலாம், வைக்காமலும் போகலாம். சீல் தேய்ந்து வாயு கசிந்தாலோ கை இறங்கத் தொடங்கும். உருளையை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

பூட்டையும் பிரேக்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மின்காந்தப் பிரேக்குகள் பலவும் மின்சாரம் இருக்கும்போது மட்டுமே விடுபடுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபின் டெல்டாவின் கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நினைத்தால், கையால் விடுவிக்கும் வழி உண்டா என்று கேட்காமல் அத்தகைய கையை வாங்கக் கூடாது.

ஆகவே மானிட்டருக்கும் விளக்குக்கும் ஸ்பிரிங் கையையே தேர்வேன். உறுதியான கான்கிரீட் கூரையும் கனமான நுண்ணோக்கியும் உள்ள அரங்கில் எதிரெடை. எதை வாங்கினாலும், கேமரா, உறை, கேபிள் அனைத்தையும் பொருத்தியபின் உள்ள எடையைச் சொல்லியே கேளுங்கள். பின்னாளில் கருவியைக் கழற்றும்போது ஸ்பிரிங் கையை முழுதும் மேலே உயர்த்திப் பூட்டிய பிறகே கழற்ற வேண்டும். பாரம் நீங்கிய கை கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழும்; அதன் பாதையில் குனிந்திருப்பவரின் முகம் இருக்கக்கூடும்.