நெல்லைச் சீமைக்கு எந்தச் சுருட்டு? தடிமனைப் பாருங்கள், நீளம் அப்புறம்

சுருட்டு வாங்குகிறவர்கள் கையில் எடுத்ததும் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தடிமன். பெட்டியில் 42, 47, 50 என்று போட்டிருப்பதுதான் ரிங் கேஜ். ஓர் அங்குலத்தை 64 பங்கு வைத்தால் அதில் எத்தனை பங்கு என்று கணக்கு. 42 என்றால் சுமார் 16.7 மில்லிமீட்டர் விட்டம், 50 என்றால் 19.8. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் எரியும் முகத்தின் பரப்பு அதற்குள் நாற்பது சதவீதம் கூடிவிடுகிறது. கொரோனா, ரோபஸ்டோ என்பவை கியூபாச் சுருட்டு அளவுகளின் பெயர்கள். 142 மில்லிமீட்டர் நீளமுள்ள 42 தடிமன் கொரோனாவைவிட, 124 மில்லிமீட்டரே இருக்கும் 50 தடிமன் ரோபஸ்டோவில் புகையிலை கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். குட்டைதானே, சட்டென்று முடியும் என்று ரோபஸ்டோவை எடுப்பவர்கள் முக்கால் மணி நேரம் கழித்தும் கையில் வைத்துக்கொண்டு முழிப்பது இதனால்தான்.

கியூபா அளவுகளை வைத்து, நம் பக்கத்து வெயிலுக்கும் காற்றுக்கும் எது தேறும் என்பதே இங்கே கேள்வி. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை மொட்டை மாடியில் உட்கார்ந்து பிடிப்பதும், ஆடிச் சாரலில் குற்றாலத்து விடுதி வராந்தாவில் பிடிப்பதும் ஒன்றல்ல.

என் ஓட்டு 42 தடிமனுக்கு. அதிலும் பெட்டிட் கொரோனா, 129 மில்லிமீட்டர். மான்டெகிறிஸ்டோ என்ற கியூபா பிராண்டின் நம்பர் 4 இந்த அளவுதான். அரை மணியிலிருந்து நாற்பது நிமிஷத்தில் முடியும். மெல்லிய சுருட்டில் உள்ளிலையின் பங்கு குறைவு, மேலே சுற்றிய இலையின் பங்கு அதிகம். அதனால் மேலிலை நன்றாக இருந்தால் ருசி துல்லியமாக வரும். குறை என்னவென்றால், அவசரக்காரர்களுக்கு ஆகாது. நிமிஷத்துக்கு ஓர் இழுப்பு போதும். அதற்கு மேல் இழுத்தால் கங்கு சூடேறி, கடைசி மூன்றிலொரு பங்கு கசந்துவிடும். அப்படிக் கசப்பதைச் சரக்கின் மேல் போட்டுப் பயனில்லை.

ரோபஸ்டோ இன்றைக்கு எல்லோரும் கேட்கும் அளவு. பார்த்தகாஸ் பிராண்டின் டி 4 அதற்கு நல்ல உதாரணம். புகை நிறைய, குளிர்ச்சியாக வரும். ஆனால் பற்றவைப்பதில் பொறுமை வேண்டும். தீக்குச்சி ஒன்று போதாது. முனையைத் தீக்குள் விடாமல், சுடருக்குச் சற்று மேலே காட்டி, சுற்றிச் சுற்றி விளிம்பு முழுக்கச் சிவந்த பிறகே முதல் இழுப்பு. நடுவில் மட்டும் பற்றிவிட்டால் உள்ளே குடைந்துகொண்டு எரியும், மேலிலை அப்படியே நிற்கும். ஆனி, ஆடிக் காற்றில் இது தலைகீழ்: காற்றடிக்கும் பக்கம் வேகமாக எரிந்து, மறுபக்கம் படகு மாதிரி நீண்டு நிற்கும். பின்தங்கிய பக்கத்தில் மட்டும் சுடரைக் காட்டிச் சமன் செய்யலாம். இரண்டு தடவைக்கு மேல் அப்படிச் செய்ய நேர்ந்தால் இடத்தை மாற்றுங்கள், சுருட்டை அல்ல.

சர்ச்சில் என்ற அளவு 178க்கு 47, அதாவது 178 மில்லிமீட்டர் நீளம், 47 தடிமன். ஒன்றரை மணி நேரம் காற்றில்லாத இடம் கிடைப்பவர்களுக்கு. லான்செரோ 192க்கு 38: அழகு, ஆனால் உள்ளே ஒரு காம்பு குறுக்கே நின்றாலும் புகை வராது.

கூர் முனை உள்ள பிரமிடெஸ் வகைக்கு (156க்கு 52) ரசிகர்கள் அதிகம். வாய்ப்பக்கம் ஒடுங்கியிருப்பதால் எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு இழுவை. அதுதான் அதன் சௌகரியம். ஆனால் ரொம்பச் சின்னதாக வெட்டினால் தார் எல்லாம் அந்த ஓட்டையில் கூடி நாக்கைச் சுடும். முதலில் நான்கைந்து மில்லிமீட்டர் வெட்டி, பற்றவைக்காமல் இழுத்துப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் எடுக்கலாம். நேர் வடிவச் சுருட்டில் இந்தத் தாராளம் கூடாது. வாய்ப்பக்க முனையை மூடி ஒட்டியிருக்கும் இலைத் துண்டான தொப்பியில் இரண்டு மில்லிமீட்டர், அவ்வளவுதான். தொப்பி ஒட்டிய கோட்டுக்குக் கீழே கத்தி போனால் மேலிலை சுருள் சுருளாக அவிழ்ந்துவிடும்.

இனி நாட்டுச் சுருட்டு. உறையூர்க்காரர்களின் சரக்குக்கு இரண்டு முனையும் திறப்பு. கட்டர் வேண்டாம், ஈரப்பதம் காக்கும் பெட்டி வேண்டாம். கட்டாக வாங்குவதால் பொறுக்கி எடுக்க முடிகிறது. ஒவ்வொன்றையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் கல்லாக இருந்தால் அங்கே காம்பு சிக்கியிருக்கிறது, புகை அடைக்கும். ஓரிடத்தில் பொதபொதவென்றால் அங்கே வந்ததும் சரசரவென எரிந்து சுடும். காரம் அதிகம், ருசி ஒரே தளம், முடிவு வரை மாறாது.

சுடலைமாடன் கொடைக்கு வாங்குவதானால் கதை வேறு. படையலில் வைப்பதற்கும் சாமியாடும் கோமரத்தாடி கையில் கொடுப்பதற்கும் நீளமான, மெல்லிய, நேரான உருப்படிதான் சரி. பந்தத்து நெருப்பில் காட்டியதும் பிடிக்க வேண்டும், ஆடுகிற கையில் ஒடியக் கூடாது. அங்கே போய் 50 தடிமன் வெளிநாட்டுச் சுருட்டை வைத்தால் பற்றவைக்கவே ஆள் தேட வேண்டியிருக்கும். முந்தின வாரமே வாங்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். வேர்த்துப் பூசணம் பிடிக்கும். மேலே மாவு மாதிரி படர்ந்து துடைத்தால் போகிற வெண்மையை எண்ணெய்ப் பூப்பு என்பார்கள், ஆனால் அதுவும் பூசணமாக இருக்கலாம். பச்சையாகவோ நீலமாகவோ பஞ்சு போல் இருந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

தொப்பி உள்ள சுருட்டுகளுக்கு நம் ஊரில் பெரிய எதிரி கோடைதான். 65லிருந்து 70 சதவீத ஈரப்பதம், 20 டிகிரிக்குப் பக்கத்து வெப்பம் வேண்டும். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் இரண்டு நாளில் மேலிலை வெடிக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் ஈரப்பதப் பை ஒன்று போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வைத்தால் போதும். மரப்பெட்டிக்குச் செலவழிப்பது ஆசை, அவசியமில்லை. வெப்பம் ஏறினால் புகையிலை வண்டு முட்டை பொரிக்கும். மேலிலையில் குண்டூசித் துளை தெரிந்தால் அதுதான். துளை விழுந்ததை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு நாள் பிரிட்ஜ், மூன்று நாள் பிரீசர், மறுபடி ஒரு நாள் பிரிட்ஜ். நேராகப் பிரீசரிலிருந்து வெளியே எடுத்தால் வெடித்துவிடும். சாரல் காலத்தில் நேர்மாறு: ஈரம் குடித்து உப்பி, எரியும் முனை பிளக்கும், அடிக்கடி அணையும். அப்போது ஈரப்பதப் பை போடாமல் ஓரிரு நாள் ஆறவிட்டுப் பிடிக்கலாம்.

புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் செய்யாது என்பவர்களை நம்ப வேண்டாம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுக்கு உள்ளே இழுக்கத் தேவையே இல்லை.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இல்லையென்றால் அது முறையாக வந்த சரக்கல்ல. வழியில் எந்த வெயிலில் கிடந்ததோ, யாருக்கும் தெரியாது. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கியூபா என்று நீட்டினால் திறந்து பார்க்கவே வேண்டாம், போலி.