ட்வென்ட்டி ட்வென்ட்டி ஃபோர் தீமில் எழுதியவர் பெயர்: ஒரு மதிப்பீடு

பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று கரையோர ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்து எழுதும் எங்கள் தளத்தில் ட்வென்ட்டி ட்வென்ட்டி ஃபோர் தீமைப் பயன்படுத்துகிறோம். இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் 6.4 பதிப்புடன் 2023 நவம்பரில் வந்த இலவசத் தீம், அதாவது தளத்தின் தோற்ற அமைப்பு, இது. எழுதியவர் பெயரை அது எப்படிக் காட்டுகிறது, நம் தேவைக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

பழைய தீம்களில் பெயரின் இடத்தை மாற்றப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் உள்ள கோப்பைத் திருத்த வேண்டும். நம் திருத்தங்களைத் தனியே வைத்துக்கொள்ளும் சைல்டு தீம் இல்லாமல் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் அத்தனையும் போய்விடும். இதில் தள எடிட்டரைத் திறந்து, தேதியும் பெயரும் இருக்கும் பகுதியில் பெயர்ப் பிளாக்கை (பெயரைக் காட்டும் தனித் துண்டை) வேண்டிய இடத்துக்கு நகர்த்தினால் போதும். திருத்தம் டேட்டாபேஸில் சேமிக்கப்படுவதால் அப்டேட் அதைத் தொடுவதில்லை. பெயருக்கு முன்னால் வரும் ‘by’ போன்ற சொல்லும் தனிப் பிளாக்தான் என்பதால், அதை நீக்கிவிட்டுப் பின்னால் ‘எழுதியது’ என்று சேர்ப்பது எளிது.

ஆனால் எந்தப் பெயர் வரும் என்பதைத் தீர்மானிப்பது தீம் அல்ல, பயனர் விவரப் பக்கம். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று அது கேட்கும் இரண்டு கட்டங்களிலும் நம் வழக்கம் சரியாகப் பொருந்துவதில்லை. குடும்பப்பெயர்க் கட்டத்தில் இனிஷியலை இட்டால் அது பெயருக்குப் பின்னால் போய் நிற்கும். “தம்பி, எங்க அத்தா பேரு எழுத்தைக் கடைசியில கொண்டுபோய் வச்சிருக்கீகளே” என்று கீழக்கரைப் பெரியவர் ஒருவர் கேட்டது நியாயம்தான். புள்ளி, இடைவெளி உட்பட அவரவர் எழுதும் விதத்திலேயே பெயரைப் புனைபெயர்க் கட்டத்தில் தட்டச்சு செய்து, பொதுவில் காட்டும் பெயராக அதையே தேர்ந்தெடுப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை சிறந்த வழி. சேமித்தவுடன் அவருடைய பழைய கட்டுரைகளிலும் பெயர் மாறிவிடும்.

தீமின் இயல்பான தோற்றத்தில் உள்ள கார்டோ, இன்டர் ஆகிய எழுத்துருக்களில் தமிழ் இல்லை. ஆகவே வாசகரின் கைப்பேசியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில்தான் பெயர் தெரியும். வேர்ட்பிரஸ் 6.5 முதல் உள்ள எழுத்துரு நூலகத்தில் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவிப் பெயர்ப் பிளாக்குக்குக் கொடுத்தால் இந்தக் குறை தீரும். பெயரைத் தொட்டால் திறக்கும் பக்கத்தின் முகவரி வேறு கதை: அது லாகின் பெயரிலிருந்து உருவாவது, அந்த லாகின் பெயரையோ தமிழில் வைக்க முடியாது. லாகின் பெயர் கட்டுரையில் இணைப்பாகத் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் பிளாக்கின் அமைப்பில் அந்த இணைப்பை அணைத்துவிடலாம், நாங்கள் அணைத்துவிட்டோம்.

ஒரு கட்டுரைக்கு ஒருவர் பெயர்தான் என்பது எங்களுக்குப் பெரிய இடைஞ்சல். கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண் சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியை எழுதித் தரும் கட்டுரையில் இருவர் பெயரும் வர வேண்டாமா? இதற்குக் கோ ஆத்தர்ஸ் பிளஸ் என்ற பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள், தேவைப்படுகிறது. லாகின் இல்லாதவரையும் அதில் விருந்தினராகச் சேர்க்கலாம். அதை நிறுவிய பிறகு தீமின் பெயர்ப் பிளாக்கை எடுத்துவிட்டுப் பிளகினின் பிளாக்கை அதே இடத்தில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முன்போலவே ஒருவர் பெயர்தான் வரும்.