களிக்குக் குறையில்லை, வாசலுக்குத்தான்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற சாலையில் இருக்கிற ஓட்டல். பெயர் வேண்டாம். ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டேன். களி கட்டி தட்டவில்லை, கையிலும் ஒட்டவில்லை. குழம்பில் மிளகு கொஞ்சம் தூக்கல், அது எனக்குப் பிடிக்கும். தருமபுரியில் வீட்டுக் களி தின்று வளர்ந்த நானே குறை சொல்ல முடியவில்லை.

குறை வாசலில். எனக்குப் போலியோ, வலது காலில் காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர், கையில் ஊன்றுகோல். மூன்று படிக்குப் பக்கத்தில் சாய்தளம், சக்கர நாற்காலிப் படமெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் பளபள கிரானைட். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. இங்கே ஒன்றரை அடியை ஐந்தே அடியில் ஏற்றிவிட்டார்கள். துடைத்த ஈரம் வேறு. ஊன்றுகோலின் ரப்பர் புஷ் வழுக்கி, கூட வந்த என் தம்பி தோளைப் பிடித்துத் தப்பித்தேன்.

"உங்கள மாதிரி ஆளுங்க அதிகம் வர்றதில்லக்கா. வந்தா நம்ம பசங்களே தூக்கி உள்ள வச்சிருவாங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் எரிச்சல். முன்பின் தெரியாத நாலு ஆண்கள் தூக்கி வைக்க நான் என்ன அரிசி மூட்டையா? 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியதோடு நாங்களும் இல்லாமல் போய்விட்டோம் போல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாருக்கும் சேர்த்துத்தான், மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம் என்றேன். "அப்படிங்களா" என்று சில்லறை எண்ணப் போய்விட்டார்.

சர்வர், என் தம்பியிடம் விசாரிக்கிறார்: "அக்கா கறி சாப்பிடுவாங்களா?" பில்லுக்குப் பணம் கொடுத்தது நான், மீதி போனதும் தம்பி கைக்கு. வெஸ்டர்ன் கழிப்பறை ஒன்று உண்டு, உள்ளே தண்ணீர் கேன் அடுக்கியிருந்தார்கள். கேட்டதும் எடுத்தார்கள். பிடித்து எழக் கம்பி இல்லை.

அப்புறம்தான் பின்பக்கத்தைப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் வண்டி ஏறுவதற்கு நீளமான, சொரசொரப்பான சிமெண்டுச் சாய்வு. சிலிண்டருக்குப் போட்ட கணக்கை முன்வாசலுக்கும் போட்டிருக்கலாம். அந்த வழியாகவே வெளியே வந்தேன், யார் தோளும் தேவைப்படவில்லை.

ஊன்றுகோலோடு போகிறவர்கள் வண்டியை நேராகப் பின்பக்கம் விடுங்கள். சமையல்கட்டு அம்மா கதவைத் திறந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அங்கே காரை நிறுத்தி அடைத்துவிடுவார்களாம், அவரே சொன்னார்.